வட சென்னைக்கு மட்டும் விதிவிலக்கா? கட்டட அனுமதி தரும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

ஐயா, அம்மா,

"இந்தப் பக்கம் இப்போதான் நாலு கட்டடம் வருது. அதுலயும் எனர்ஜி கோடு, அது இதுன்னு பேசினா, வர்றவனும் ஓ.எம்.ஆர். பக்கம் போயிடுவான்."

வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் விதியை, அதாவது அந்த எனர்ஜி கோடை, வட சென்னையில் ஏன் பார்ப்பதில்லை என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்டேன். உங்களில் ஒருவர் எனக்குத் தந்த பதில் இது. நான் மறுபடி பேசுவதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்த வட்டாரத்துக்குள்தான் எனக்குப் பிழைப்பு. 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. 2023-ல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டம் அடுத்த ஆண்டே 4,000 கோடியைத் தாண்டியது. பழைய குடோன்கள் இடிந்த இடத்தில் ஐந்து மாடி, ஆறு மாடி எழும்புகிறது. வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எத்தனையோ வருடம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் எழும்புகிற கட்டடங்களுக்குள் போய் வேலை பார்க்கிறவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் சொல்லாமல் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்கு வரிசையில் எதைக் கட்டினாலும் முகப்பு மேற்கு பார்த்துத்தான் இருக்கும். இந்தக் கட்டடத்தின் மேற்கு முகம் கீழிருந்து மேல்வரை கண்ணாடி. ஒரு சன்ஷேடு கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். வெயில் தாங்காமல் திரையை இழுத்து மூடியிருப்பார்கள், மூடியதால் இருட்டி, எல்லா லைட்டும் எரியும். வெளிச்சத்துக்காகக் கண்ணாடி, கண்ணாடிக்காகத் திரை, திரைக்காக லைட்! ஏ.சி.யை 18-ல் வைத்திருப்பார்கள். கண்ணாடி ஓரம் உட்கார்ந்தவருக்கு வியர்த்துக் கொட்டும், ஏ.சி.க்கு நேர் எதிரே உட்கார்ந்த பெண் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருப்பார். கண்ணாடியின் உள்பக்கத்தில், தொடாமலே சூட்டை அளக்கும் ஐ.ஆர். கன்னைப் பிடித்தேன். 44 டிகிரி காட்டியது. அறையைக் குளிர வைக்க நான் போயிருக்கிறேன், பக்கத்திலேயே ஒரு சுவர் முழுக்க அடுப்பு.

பின்பக்கம் இன்னும் மோசம். முகப்பின் அழகு கெடக் கூடாது என்று அவுட்டோர் யூனிட் அத்தனையையும் பின்னால் இருக்கும் மூன்றடிச் சந்தில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக மாட்டியிருக்கிறார்கள். கீழே இருப்பது துப்புகிற சூட்டை மேலே இருப்பது இழுக்கும். அது துப்புவதை அதற்கும் மேலே இருப்பது இழுக்கும். ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் காற்று வெந்துவிடும். மே மாதப் பிற்பகலில் மேல்மாடி கம்ப்ரஸர் ஹை பிரஷரில் ட்ரிப் ஆகி நின்றுவிடும். உடனே எனக்கு போன். போய்த் தண்ணீர் அடித்து, சூட்டை வெளியேற்றும் காயிலைக் (coil) கழுவினால், கடலோர உப்புக்காற்றில் அரித்துப்போன தகடு பொடிப்பொடியாக உதிரும். "இன்னும் ரெண்டு டன் சேர்த்துப் போட்டுடுப்பா" என்பார் ஓனர். அந்த இரண்டு டன்னும் அதே சந்தில்தான் சூட்டைத் துப்பும். சந்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருக்கும் குடும்பம் ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டது.

இதற்கெல்லாம் பணம் கட்டுவது ஓனர் இல்லை. மூன்றாம் மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிற அக்கா சொன்னார்: "தம்பி, வாடகையைக் கூடப் பேசிக் குறைச்சுட்டேன். கரண்ட் பில்லை யார்கிட்டப் போய்ப் பேசுறது?"

உங்களிடம்தான் பேச வேண்டும். ஏனென்றால் அந்தக் கண்ணாடிக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுத்தவர்கள் நீங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. ஏ.சி.யில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அந்த எரிசக்தித் திறன் பணியகம்தான் 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கென்று எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. சுருக்கமாக ஈ.சி.பி.சி. 2017-ல் அதைத் திருத்தினார்கள். 2024-ல் தண்ணீர், கழிவு போன்றவற்றையும் சேர்த்துப் புதிய தொகுப்பு வந்தது. 2017 பதிப்பின் அடிப்படை மட்டத்தைப் பின்பற்றினாலே வழக்கமான கட்டடத்தைவிட 25 சதவீதம் மின்சாரம் மிச்சம். அதற்கு மேல் மட்டத்தில் 35, உச்ச மட்டத்தில் 50.

படித்துப் பார்த்தால் அதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. வெளிச்சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம்மைப் போல வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில், கண்ணாடியில் விழும் வெயிலின் சூட்டில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே வரக் கூடாது. தட்டையான மொட்டை மாடி வெயிலில் 60 சதவீதத்தையாவது திருப்பி அனுப்ப வேண்டும். கட்டடம் முழுவதையும் கணக்கிட்டுக் காட்டினால் ஒன்றில் கூட்டி ஒன்றில் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட்ட ஒரு கட்டடத்துக்குள்ளும் நான் இதுவரை நுழைந்ததில்லை.

என் தொழில் கணக்கில் சொன்னால், மேற்கு வெயிலில் 100 சதுர அடி சாதாரணக் கண்ணாடி ஒரு டன்னுக்கு மேல் ஏ.சி.யை விழுங்கிவிடும். விதி சொல்கிற கண்ணாடியைப் போட்டால் அது அரை டன்னுக்கும் கீழே இறங்கும். சன்ஷேடும் போட்டுவிட்டால் இன்னும் குறையும்.

வடக்கு பார்த்த கண்ணாடிக்கும் நம் ஊரில் அதே 27 தான். இது பல ஆர்க்கிடெக்டுகளுக்கே தெரிவதில்லை. வடக்கில் வெயில் அடிக்காது என்பது டெல்லிக்காரர் கணக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையில் நம் உச்சந்தலைக்கு வரும் சூரியன் ஆவணி பிறக்கும் வரை நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க வடக்குப் பக்கம் வாங்குகிறது. அதனால்தான் 15 டிகிரிக்குத் தெற்கே இருக்கும் ஊர்களுக்கு வடக்குச் சுவரிலும் சலுகை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், நாம்தான் படிக்கவில்லை.

பூக்கடை, சவுகார்பேட்டைப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களில் எனக்கு வேலை வரும்போது ஒரு சந்தோஷம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. தடித்த சுவர், உயர்ந்த தளம், தெருவைப் பார்த்து ஒரு தாழ்வாரம். அங்கே ஒன்றரை டன் போட்டால் போதும் என்று நான் சொல்லும் அறைக்கு, கண்ணாடிக் கட்டடத்தில் மூன்று டன் கேட்கும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தை வெறுமனே வெயிலில் காயவிட்டுவிட்டு அதன் கீழே ஏ.சி. மாட்டுகிறோமே, அது மட்டும் என்ன முன்னேற்றம்?

சரி, விதி இருந்தும் ஏன் இந்தக் கட்டடங்கள் அதில் சிக்கவில்லை? நான் பார்த்த வரையில் இரண்டு ஓட்டை.

முதலாவது மீட்டர். 100 கிலோவாட் இணைப்பு மின்பளு (மாட்டியிருக்கும் எல்லாக் கருவியும் சேர்ந்து இழுக்கக்கூடியது) அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் எழுதி வாங்கிய உச்ச அளவு) இருந்தால்தான் இந்த விதி பொருந்தும். ஆறு மாடிக் கட்டடம் என்றால் சாதாரணமாகவே 100-ஐத் தாண்டும். ஆனால் மாடிக்கொரு சர்வீஸ், கடைக்கொரு மீட்டர் என்று பிரித்து வாங்கிவிட்டால் காகிதத்தில் எந்த இணைப்பும் 100-ஐத் தொடாது. கட்டடம் ஒன்று, லிஃப்ட் ஒன்று, கண்ணாடி ஒன்று, சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் இருபது சின்னக் கடை. இரண்டாவது படிவம். வரைபடத்தோடு, விதிப்படி கட்டுவதாக ஒரு உறுதிமொழியில் யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். கட்டி முடித்த பிறகு மாட்டியிருப்பது படிவத்தில் சொன்ன கண்ணாடிதானா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தை, அந்த சைடு செட்பேக்கை, டேப் வைத்து அளக்கிறீர்கள், அங்குலம் அங்குலமாக. அதே நாளில் கண்ணாடியின் டெஸ்ட் சான்றிதழையும் கேட்டால் என்ன?

இப்போது எண்ணூருக்கு வருகிறேன். வட சென்னையிலிருந்து ஒருவன் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

1970-களில் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அது நிற்பதற்குள் அதன் வடக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் பல மடங்கு பெரிய அலகுகள் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் இன்னொன்று. ஒடிசா நிலக்கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்து இறங்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதாவது யூனிட்டுக்கு 200 கிராமுக்குக் குறையாமல் சாம்பல். கம்பியில் வருகிற மின்சாரத்தில் எது நிலக்கரி, எது காற்றாலை என்று பிரிக்க முடியாது, தெரியும். ஆனால் தேவை கூடும்போது எந்த உலையை முடுக்குகிறார்கள் என்பதும் தெரியும். 2024 மே 2-ம் தேதி தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது.

அத்திப்பட்டுப் புதுநகரில் என் சின்னம்மா வீடு. மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதை நிறுத்திவிட்டார். காலையில் பெருக்கினால் முறத்தில் சாம்பல் நிறத்தில் தூசி சேர்கிறது. அது எந்தப் புகைபோக்கியுடையது, எந்த லாரியுடையது என்று நிரூபிக்க நான் வரவில்லை. என் தெருவில் கோடை இரவு பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் விடியும் வரை விசிறிதான், அதுவும் பனை ஓலை விசிறி. மின்சாரம் உற்பத்தியாகும் ஊரும் இதுதான், அது இல்லாமல் வேர்க்கும் ஊரும் இதுதான். இந்த ஊரில் ஒரு கட்டடம் தேவையில்லாமல் இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எங்களுக்கு இரண்டு தடவை வலிக்கிறது. விதியைத் தளர்த்த ஓர் இடம் தேட வேண்டும் என்றால் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் வட சென்னை. நீங்கள் முதலாவதாகப் பார்த்திருக்கிறீர்கள்.

முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்கிறீர்கள். ஹைதராபாத்தில் ஆன்லைன் கட்டட அனுமதி முறைக்குள்ளேயே இந்த விதியைச் சேர்த்துப் பல வருடம் ஆகிறது. அங்கே கட்டடம் எழும்புவது நின்றுவிட்டதா? நல்ல கண்ணாடிக்கும் கூரைக்கும் கூடுதலாகச் செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் டன் குறைந்தால் ஏ.சி. செலவு குறையும், கேபிள் குறையும், ஜெனரேட்டர் சிறியதாகும், உச்சத் தேவைக்கென்று மாதாமாதம் கட்டுகிற டிமாண்ட் சார்ஜும் குறையும். இதெல்லாம் ஓனருக்குப் புரியாமல் இல்லை. கட்டுவது அவர், பில் கட்டுவது டியூஷன் அக்கா. அந்த இடைவெளியில் சட்டம் நின்றால்தான் உண்டு, சந்தை தானாக நிற்காது. டன் குறைந்தால் எனக்கும் வருமானம் குறையும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அடுத்தது, எல்லார் வாயிலும் இருக்கும் நெட் ஜீரோ. ஒரு வருடத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதோ அந்த அளவைக் கட்டடமே திருப்பித் தர வேண்டும். மாடியில் சோலார் போட்டால் நெட் ஜீரோ ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாடிக்கு 500 சதுர மீட்டர், ஐந்து மாடி. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட் என்று வைத்தால் ஐந்து லட்சம் யூனிட். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம் போக 300 சதுர மீட்டர் மிஞ்சினால் 30 கிலோவாட் சோலார் வைக்கலாம். சென்னையில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். வருடத்துக்கு 44,000 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒன்பது சதவீதம் கூடத் தேறவில்லை. ஐந்து லட்சத்தை முதலில் பாதியாக்கினால்தான் அந்தத் தகடுக்கு ஒரு மரியாதை வரும். மிச்சத்துக்கு முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போகலாம். தேவையைக் குறைக்காமல் அங்கே போனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் 2014-ல் திறக்கப்பட்டது. நெட் ஜீரோ என்று கட்டிய அரசுக் கட்டடம். 930 கிலோவாட் சோலார் தகடுகள் கூரையைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கின்றன. படத்தில் எல்லாரும் பார்ப்பது தகட்டைத்தான். கட்டடத்தை எந்தத் திசை பார்த்து வைப்பது, நடுவில் முற்றத்தை எப்படி விடுவது, நிழல் எங்கே விழ வேண்டும் என்பதில்தான் அங்கே வேலையே நடந்திருக்கிறது. சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023-ல் வெளியானது. 2050-க்குள் கார்பன் சமநிலை என்று அதில் இலக்கு வைத்திருக்கிறோம். நீங்கள் இந்த வாரம் சான்றிதழ் கொடுக்கிற கட்டடம் 2050-லும் நின்றுகொண்டுதான் இருக்கும், அதே மேற்குக் கண்ணாடியோடு.

உங்களால் முடியாத காரியமும் இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு ஆள் வந்து பார்த்தார்கள். ஊரே குழி தோண்டியது, கிணற்றில் தண்ணீர் ஏறியது. அப்புறம் பார்க்க வருவது நின்றது, பல இடங்களில் குழாய் மட்டும் சுவரில் மிஞ்சியது. ஆள் வந்து பார்த்தவரை நடந்தது.

ஆகவே, நான் கேட்பது இவை.

100 கிலோவாட்டைத் தாண்டும் எந்த வணிகக் கட்டடத்துக்கும் நேரில் பார்க்காமல் நிறைவுச் சான்றிதழ் தராதீர்கள். அது இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது என்பதால் உங்கள் கையில்தான் சாவி. கண்ணாடியின் டெஸ்ட் சான்றிதழும் வாங்கிய பில்லும், மொட்டை மாடிப் பூச்சு, அவுட்டோர் யூனிட் சூட்டைத் துப்ப இருக்கும் இடம், இந்த மூன்றையாவது பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு அரை நாள் போதும்.

மின்பளுவை மீட்டர் வாரியாகப் பார்க்காமல் கட்டடம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 100 கிலோவாட் வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதை 50 ஆகக் குறைக்கும்படி அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் எழும்பும் அரசுக் கட்டடங்கள் குறைந்தது 35 சதவீத மட்டத்தையாவது எட்ட வேண்டும். திறந்து ஒரு வருடம் ஆனதும், சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கும்.

அலுமினியம் ஃபேப்ரிகேஷன் செய்பவர்கள், கொத்தனார்கள், என் மாதிரி மெக்கானிக்குகள், எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் மாலை நேரத்தில் வைத்தாலும் வருவோம். விதியைப் படித்த என்ஜினியர் ஒருநாள் வந்து போவார், கண்ணாடியை மாட்டப் போவது நாங்கள்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. 2021-க்குப் பிறகு திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆகிய ஐந்து மண்டலங்களில் எத்தனை வணிகக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுத்தீர்கள்? அவற்றில் எத்தனையில் இந்த விதியை நேரில் சரிபார்த்தீர்கள்? இரண்டு எண்கள்தான் கேட்கிறேன். கூட்டத்தில் சொன்னது போல வாய்வார்த்தையாக இல்லாமல், 30 நாளுக்குள் எழுத்தில் வேண்டும். வராவிட்டால் இதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவாகப் போடுவேன். கிடைக்கும் பதிலை நெடுஞ்சாலையில் வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு கடைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ஏ.சி. மெக்கானிக் ஒருவன்